ஓரத்துப் புள்ளிகள்

இந்த வருடக் காலண்டரும் உன் அச்சகத்திலிருந்து கூரியரில் வந்துவிட்டது. பிரித்ததும் அச்சு மையின் வாடை. படத்தில் முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. மெஷினில் நீ நின்றிருந்தால் இந்தத் தாள் வாசலைத் தாண்டியிருக்காது. நீ இறந்துவிட்டாய் என்று உன் தம்பி போனில் சொன்னபோது பாதிதான் நம்பினேன். மீதியை முருகன் நம்ப வைத்தார்.

விருதுநகரில் ஒரே பெஞ்சில் படித்தோம். நீ திருத்தங்கலில் ஆப்செட் மெஷினுக்குப் போனாய். நான் வானியல் ஆராய்ச்சிக்கு வடக்கே போனேன். ஊரில் என் வேலையை விளக்குவது பெரும்பாடு. எக்ஸ் கதிர் என்றதும் என் அத்தை தன் முழங்கால் படத்தை எடுத்து வந்து நீட்டினார். நீ மட்டும் முழுதாகக் கேட்டாய். தொலைதூர கேலக்ஸிகளின் நடுவே பெரிய கருந்துளை இருக்கிறது, அதில் விழும் வாயு கொதித்து எக்ஸ் கதிரை வீசுகிறது, அது தன் சுற்றுப்புறத்தை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆய்வு என்றேன்.

"அது என்ன கலர்லே?" என்று கேட்டாய்.

கண்ணுக்கே தெரியாது, நிறத்தை நாங்களாகப் பூசிக்கொள்வோம் என்றேன். உனக்கு நிம்மதியாகிவிட்டது. "அப்ப நீயும் நம்ம தொழில்தான்."

ஒரு புரட்டாசியில் நான் ஊருக்கு ஒரு கண்டுபிடிப்போடு வந்தேன். செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்துக்கு நீலம், தரையிலிருந்து எடுத்த சாதாரண ஒளிப் படத்துக்குச் சிவப்பு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், நீல மேகம் நடுவை விட்டு ஒரு பக்கம் விலகி நின்றது. கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வாயுவைத் தள்ளுகிறது என்பது என் முடிவு. ஆய்வேட்டின் பெரிய அத்தியாயமே அதுதான். அடுத்த மாதம் வெளிநாட்டு அறிஞர்கள் முன்னால் பேச வேண்டும். அதற்கான படத்தைப் பூச்சட்டிப் பட்டாசு லேபிள் தாளின் காலி ஓரத்தில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாய்.

உன் மெஷினிலிருந்து முதல் தாள் வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாய். பிளேட்டைத் தளர்த்தினாய், முடுக்கினாய், இன்னொரு தாள் அடித்தாய். மறுபடியும் நிறுத்தினாய். நான் டீ டம்ளரோடு நின்றேன். கடைசியில் தாளின் ஓரத்தில், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்க அடிக்கும் சிலுவைக் குறியைக் காட்டினாய். நான்கு நிறமும் அதில் ஒரே கோடாக உட்கார்ந்திருந்தன.

"எங்க ரெஜிஸ்டர் சரியா இருக்கு. ஒன் படந்தான் வெலகி நிக்கி."

அது அச்சுப் பிழை அல்ல, அறிவியல் என்று உனக்கு விளக்கினேன். அந்த விளக்கத்தில் இருந்த பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லென்ஸை என் கையில் கொடுத்தாய்.

"சரிலே. நடுவுல இருக்கது அம்புட்டுப் பலசாலி, தள்ளுது. ஓரத்துல கெடக்க இந்தச் சின்னப் புள்ளிய எல்லாம் யாரு தள்ளுனா?"

பார்த்தேன். அந்தக் கேலக்ஸியோடு எந்த உறவும் இல்லாமல் பின்னணியில் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றும் நீலமாகவும் சிவப்பாகவும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எல்லாம் மேகம் விலகிய அதே பக்கம், அதே அளவு விலகியிருந்தன. டீ ஆறிப்போயிருந்தது.

திரும்பிப் போய், அந்தப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி இரண்டு படங்களையும் பொருத்தினேன். மேகம் சமர்த்தாக நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தியாயம் ஆறு வரியாகச் சுருங்கியது: விலகல் எதுவும் காணப்படவில்லை. சபையில் மானம் போகாமல் தப்பினோம், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று என் வழிகாட்டி கேட்டார். மறுபடி சரிபார்த்தேன் என்றேன். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் செயற்கைக்கோளுக்கு நன்றி சொன்னேன், கணினிக்குச் சொன்னேன், கேன்டீனுக்கும் சொன்னேன். உன் பெயர் இல்லை. ஒரு பிரிண்டர் கண்டுபிடித்த பிழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீயோ, போனில் விஷயத்தைச் சொன்னபோது வருத்தப்பட்டாய். "நான் பேசாம இருந்திருக்கலாம்லே. ஒன் மேகத்தக் கெடுத்துட்டேனே."

அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒரு பூச்சட்டிப் பெட்டி அனுப்பினாய். லேபிளில் என் கேலக்ஸி. உன் முதலாளிக்குப் பிடித்துவிட்டதாம். என் ஆராய்ச்சியில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். அதில் நீலத்தை நீயே நகர்த்திச் சரியாக உட்கார வைத்திருந்தாய். பிழையில்லாத படம் என் ஆய்வேட்டுக்கு முன்னால் பட்டாசுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது சென்னையில் எனக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். படத்தைக் கொண்டுவந்து நடுவில் விரல் வைத்துக் குதிப்பார்கள். உன்னிடம் திருப்பித் தராத லென்ஸ் என் மேசையில் இருக்கிறது. அதை அவர்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, ஓரத்துப் புள்ளியை யார் தள்ளினார்கள் என்று கேட்பேன். நல்ல கேள்வி சார் என்பார்கள். இத்தனை வருடமும் அந்தப் பாராட்டை நானே வைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு மாணவி, இதை உங்களுக்கு யார் சார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். திருத்தங்கலில் ஓர் ஆப்செட் பிரிண்டர் என்றேன். உன் பெயரையும் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த உன் அச்சகக் காலண்டர் பக்கம் போனாள். உதட்டைப் பார்க்கவில்லை, ஓரத்தில் மயில் தோகையின் கண்களைப் பார்த்தாள். அவற்றின் நிறமும் உதட்டுச் சிவப்பைப் போலவே அதே பக்கம், அதே அளவு விலகியிருந்தது.

"முருகனை யாரும் தள்ளல சார்" என்றாள்.