மணல் தேய்த்த தராசு

மங்கோச்சி ஏரிக்கரை,
ஜூன் 3

அன்பு மகள் தியாமிகேவுக்கு அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். கால் மூட்டு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதுவும் உன்னைப் போலப் பெரிய படிப்பு படித்துவிட்டது போலிருக்கிறது.

போன வாரம் பிளான்டயரில் நடந்த உங்கள் மருத்துவப் புள்ளியியல் கூட்டத்துக்கு எங்கள் நர்ஸ் டொரிக்காவும் வந்திருந்தாளே, திரும்பியதிலிருந்து என் முகத்தைப் பார்க்கத் தயங்கினாள். சாம்போ மீன் வறுத்துக் கொடுத்து விஷயத்தைக் கறந்தேன்.

"அண்ணே, நம்ம பதினாலாம் நம்பர் சுகாதார நிலையத்துப் பிள்ளைங்க எடைப் பதிவேட்டைத் திரையில போட்டாங்க. மேலே 'கற்பனை எண்கள்'னு எழுதியிருந்துச்சு. ஒரே சிரிப்பு."

"சிரிக்க அதுல என்ன இருக்கு?"

"ஒரு முனைவர் எழுந்து, 'இந்த ஆளு பிள்ளைங்கள மாமரத்துல தொங்கவிட்டு நிறுத்தாரா, கனவுல நிறுத்தாரா?'ன்னு கேட்டார்ண்ணே."

"திரையில போட்டது யாரு?"

அவள் மீன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டது நீ என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பதினோரு வருஷமாக இங்கே பிள்ளைகளை எடை போடுகிறவன் நான் ஒருவன்தான். அது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மடையன் என்று சொல், வாங்கிக்கொள்கிறேன்; உன் அம்மா இருந்தவரை தினமும் வாங்கியதுதான். பொய்யன் என்று ஊர் கூட்டிச் சொல்வாயா?

உன் அப்பா,
லாமெக்


சோம்பா,
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. நிலையத்தின் எண் மட்டும்தான். களத்திலிருந்து வரும் கணக்கில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டும் பாடம் அது. உண்மையாக நிறுத்தால் ஏழு கிலோ நூறு, இருநூறு, முந்நூறு என்று எல்லாம் கலந்து வரும். உங்கள் கடைசி இரண்டு வருஷப் பதிவேட்டில் நாலாயிரம் பிள்ளைகள். அத்தனை பேரும் முழுக் கிலோ அல்லது அரைக் கிலோ. இடையில் ஒரு பிள்ளைகூட இல்லை. தற்செயலாக இப்படி நடக்காது அப்பா.

உங்கள் பதிவேடு என்று தெரிந்தபோது இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் என் அப்பா என்பதற்காக மறைத்தால் நான் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? கோபப்படாதீர்கள். மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தியாமிகே


மங்கோச்சி,
ஜூன் 25

மகளே,

இரண்டு நாள் சோறு இறங்காதவளுக்கு இரண்டு நிமிஷம் போன் பேச முடியவில்லையா?

சரி, நடந்ததைக் கேள். மாமரக் கிளையில் தொங்கும் முள் தராசின் முகப்புக் கண்ணாடி முதல் வருஷமே ஒரு குண்டுப் பிள்ளை உதைத்த உதையில் உடைந்தது. மாமரத்துப் பால் முகப்பில் சொட்டும். பானை தேய்ப்பது போல ஏரி மணலைப் போட்டுத் தினமும் தேய்த்தேன். மாவட்டத்திலேயே சுத்தமான தராசு என்று பீற்றிக்கொண்ட புத்திசாலி உன் அப்பன். தேய்த்த தேய்ப்பில் சின்னக் கோடுகள் எல்லாம் போய்விட்டன. ஆழமாக வெட்டிய கிலோக் கோடும் அரைக் கோடும்தான் மிச்சம். முள் நடுவில் நின்றால், கிட்டத்தில் இருந்த கோட்டை எழுதினேன். கண்ணுக்குத் தெரியாத கோட்டை எழுதியிருந்தால் அல்லவா அது கற்பனை!

புதுத் தராசு கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு ஐந்து கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதை எந்தத் திரையில் போட்டுச் சிரித்தீர்கள்? ஏழு கிலோ முந்நூறு இருந்த பிள்ளையை ஏழரை என்று எழுதி, எடை போதும், சத்துமாவு வேண்டாம் என்று எத்தனை தாய்மாரைத் திருப்பி அனுப்பினேனோ. அதை நினைத்தால் எனக்கும் இப்போது சோறு இறங்கவில்லை.

தராசை டொரிக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்து நிலையத்தில் இரவல் வாங்கிச் சமாளிக்கிறேன். அடுத்த வகுப்பில் இதைத் தொங்கவிடு. சிரித்தவர்கள் எடை பார்க்கட்டும்.

லாமெக்


சோம்பா,
ஜூலை 19

அப்பா,

நேற்று களப்பணியாளர் பயிற்சி. உங்கள் தராசை உத்தரத்தில் தொங்கவிட்டு, பிள்ளைகளை உட்கார வைத்துத் தராசில் மாட்டும் துணிக் கால்சட்டைக்குள் ஒரு பை சோளமாவை வைத்தேன். கனவைப் பற்றிக் கேட்ட அதே முனைவரைக் கூப்பிட்டேன்.

"படிச்சுச் சொல்லுங்க சார்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "ஏழரை" என்றார். பிறகு வந்த முப்பது பேரும் ஏழரைதான். ஆய்வகத் தராசில் நான் முன்பே நிறுத்திருந்தது ஏழு கிலோ முந்நூறு.

"ஏம்மா, இதுல நடுவுல கோடே இல்லையே?"

"அதைத்தான் எங்கப்பா அஞ்சு கடிதத்துல எழுதியிருக்கார் சார்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் மூன்று பேர் எழுந்து தங்கள் தராசும் இப்படித்தான் என்றார்கள். திரையில் அந்தப் பழைய படத்தைப் போட்டு, 'கற்பனை எண்கள்' என்பதை அடித்து, 'கேட்காமல் சொன்ன தீர்ப்பு' என்று எழுதினேன். அடியில் என் பெயரை எழுதினேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதிய மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எதுவும் சரியாக வரவில்லை. உங்கள் கோபம் தீர்ந்ததா?

தியாமிகே


மங்கோச்சி,
ஆகஸ்ட் 12

தியாமிகே,

புதுத் தராசு வந்துவிட்டது, கண்ணாடியோடு. மணல் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று டொரிக்கா மிரட்டியிருக்கிறாள்.

கோபம் தீர்ந்ததா என்று கேட்டிருந்தாய். அலுவலகத்தின் மேல் அப்படியேதான் இருக்கிறது. ஆறாவது கடிதத்தில் திட்டியிருக்கிறேன். உன் மேல் உள்ளது தேய்ந்திருக்கிறது. சின்னக் கோடுகள் போய்விட்டன. பெரிய கோடு ஒன்றிரண்டு மிச்சம். நேரில் வந்தால் பார்க்கலாம்.

இன்று முதல் பிள்ளை ஆறு கிலோ எண்ணூறு. அதன் தாய்க்கு மாவு கொடுத்தனுப்பினேன். எண்ணில் சந்தேகம் இருந்தால் என்னைக் கேள்.

உன் அப்பா