மீனெண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

என் பிரியமான ஹனீபா மச்சானுக்கு,

காதர் எழுதுகிறேன். இடவப்பாதி மழை ஓய்ந்து, காயலும் வானமும் ஒரே நிறத்தில் கிடக்கும் மத்தியானம் இது. கிடங்கில் சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் சாய்ந்தவன் கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். கனவில் நீங்கள் உங்கள் மோட்டார் சைக்கிளில், வல்லார்பாடத்துப் பக்கமிருந்து தண்ணீர் மேலேயே ஓட்டி வந்தீர்கள். எஞ்சின் சத்தமே இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. "இப்ப ஒழுகுதா பாருடா" என்று கேட்டீர்கள். நான் குனிந்து பார்ப்பதற்குள் படகுத்துறை ஊதல் எழுப்பிவிட்டது.

அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்படாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது என்னை ஒரு பேச்சும் முழுசாகப் பேச விட்டதில்லை நீங்கள். அக்காவைக் கட்டிக்கொண்ட மச்சான் என்கிற அதிகாரம்! இன்றைக்கு உங்களால் குறுக்கே பேச முடியாது.

போன மழையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதிலிருந்து வண்டி கிடங்கின் பின்கட்டிலேயே நின்றது. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்து இத்தா முடிந்த பிறகும் ஜுலைகா அக்கா அந்தப் பக்கம் வரவில்லை. போன வாரம்தான் வந்தாள். மேலே கிடந்த சாக்கை விலக்கி, ஸீட்டைத் தொட்டுப் பார்த்தாள். உங்கள் மனைவி ஆவதற்கு முன்பே எனக்கு அக்கா அல்லவா, அந்த முகம் எனக்குத் தெரியும்.

"ஓடுமாடா?" என்றாள்.

"ஓடும். நிக்கவும் செய்யும்."

"வெள்ளிக்கிழமை ஆலுவாயிலேந்து ஒருத்தர் வாங்க வராராம். உன் மச்சானோட அண்ணன் ஏற்பாடு. அதுக்குள்ள நீ சரியாக்கிப் பாரு. ஒழுங்கா ஓடுச்சுன்னா நாம ரெண்டு பேரும் நாகூர் போவோம். இல்லைன்னா கொடுத்துரு. நான் பாக்க வேணாம்."

வண்டியில் நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போவது, கல்யாணமான புதிதில் நீங்கள் அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. கேரளம் பிறந்த வருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்து வெள்ளைக்காரரிடம் அந்தச் சீமை வண்டியை வாங்கினீர்கள். வருஷாவருஷம் பெட்டி கட்டி, எங்கள் இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். வருஷாவருஷம் குதிரான் மலை ஏற்றத்தில் வண்டி படுத்துக்கொண்டது. முதலில் அம்மீட்டர் முள் நடுங்கும். விளக்கு மங்கும். எஞ்சின் இருமி நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் அடியில் கருப்பாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும்.

பிறகென்ன, ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்துவோம். டிரைவர் பக்கத்தில் அக்கா, பின்னால் வண்டியும் நானும் நீங்களும். அங்கிருந்து கொச்சி வரும் வரைக்கும் பாட்டுப் பாடுவீர்கள். பாதி வழியில் திரும்புகிறவர் யாராவது அப்படிப் பாடுவார்களா மச்சான்? முன்னால் உட்கார்ந்திருந்தவள் அதைக் கேட்டுச் சிரித்தாளா, அழுதாளா? நான் இன்றுவரை கேட்கவில்லை.

இந்தத் தடவையும் முதலில் தோப்பும்படி வறீது சேட்டனின் பட்டறைக்குத்தான் போனேன். பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார். எஞ்சின் அடியில் கையை விட்டுத் துடைத்து, கறுத்த விரலைக் காட்டினார். "எஞ்சின் பொளிக்கணும் காதரே, எல்லாம் கழட்டணும். கேஸ்கட் போயி. ஓயில் மொத்தம் சோருது. வயரிங்கும் மாத்தணும். ஒரு மாசம் எடுக்கும்" என்றார். நீங்கள் போனதை நினைத்து ஒரு பெருமூச்சும் விட்டு, சாயாவும் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஆள் வரும்போது ஒரு மாதத்துக்கு நான் எங்கே போவேன்? திரும்பி வரும்போது வண்டி பாதி வழி ஓடியது, பாதி வழி நின்றது. ஜூ டவுன் பூனைகள் வழக்கம்போலப் பின்னால் வந்தன.

பூனை வராமல் என்ன செய்யும்? உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று உங்களுக்கு அப்படியொரு பயம். வைப்பின் தீவு வள்ளக்காரர்கள் மழைக்கு முன்னால் மத்தி மீன் எண்ணெயில் குங்கிலியம் போட்டுக் காய்ச்சி வள்ளத்துக்குப் பூசுவதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அன்றிலிருந்து நம் வண்டிக்கும் அதே பூச்சுதான். வள்ளக்காரன் மேலாகப் பூசுவான். நீங்கள் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அதற்கு அடியிலும் பூசி, வயர் முனையையும் விடாமல் பூசி மாட்டினீர்கள். "மீன்காரி கூடை மேல உக்காந்து போற மாதிரி இருக்கு" என்பாள் அக்கா. "நம்ம காயலு, நம்ம காத்து. அதுக்கு இங்கத்த மருந்துதான் புடிக்கும்" என்பீர்கள்.

வியாழக்கிழமை காலையில் எண்ணெய் டாங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். மட்டம் குறையவே இல்லை. எஞ்சின் எண்ணெய் ஒழுகினால் டாங்கில் குறைய வேண்டாமா? அப்படியானால் இத்தனை வருஷமாகச் சொட்டியது என்ன?

எஞ்சினைத் துடைத்துக் காயவிட்டேன். சுக்கை வெளுக்கப் போடும் சுண்ணாம்புப் பொடியை ஒரு பிடி அள்ளி மேலெல்லாம் தூவினேன். எங்கே கசிகிறதோ அங்கே பொடி நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டார்ட் செய்து, வெள்ளை மாவில் புரண்டதுபோல நின்ற வண்டியின் முன்னால் குந்தியிருந்தேன். மிளகு வாசமும் மழை ஈரமுமாகக் கிடங்கு அரைத்தூக்கத்தில் இருந்தது. சூடு ஏறியது. எஞ்சின் மூட்டில், கேஸ்கட் ஓரத்தில் பொடி நனையவே இல்லை. அதற்கும் மேலே, சட்டத்துக் குழாயிலிருந்து கரும்பழுப்பாக ஒரு துளி இறங்கி வந்தது. விரலில் எடுத்து மோந்தேன். மத்தி!

எஞ்சின் ஒழுகவில்லை மச்சான். நீங்கள் பூசியதுதான் சூட்டில் இளகி, அழுக்கோடு சேர்ந்து கறுத்து ஒழுகியிருக்கிறது. வறீது சேட்டனைச் சொல்லிக் குற்றமில்லை, யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இது பிடிபட்டதும் விளக்கின் கோளாறும் பிடிபட்டது. பாட்டரியின் எர்த் வயரைச் சட்டத்தில் பூட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். இரும்போடு இரும்பு ஒட்டினால்தானே மின்சாரம் திரும்பிப் போகும்? அங்கே இரும்பு கண்ணில் படவில்லை. வருஷத்துக்கு ஒரு அடுக்காக, காய்ந்த பலாப்பால் மாதிரி, உங்கள் பூச்சுதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உங்களிடம் எனக்கென்ன வெட்கம்?

அக்காவைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு பாத்துப் பாத்துப் பூசினதுதானா நம்மளப் போகவிடாம வச்சுது?"

"ஆமாக்கா. வயர் சேர்ற இடமெல்லாம் சுரண்டி எடுக்கணும்."

சொல்லிவிட்டேன், கை வரவில்லை. ஹெட்லைட்டுக்கு அடியில், வயர் வந்து சேரும் அதே இடத்தில், உங்கள் கட்டைவிரல் ரேகை பதிந்து காய்ந்திருந்தது. படுக்கையில் விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பூசியது அது. அங்கே சுரண்டாமல் விளக்கு எரியாது. உங்கள் சட்டையெல்லாம் தானமாகக் கொடுத்தாகிவிட்டது. உங்களைப் படம் எடுத்து வைத்தவர் யாருமில்லை. இந்த வீட்டில் உங்கள் உடம்பின் அடையாளமாக வேறு என்ன இருக்கிறது?

"நாகூர் வேணாம்க்கா. விக்கவும் வேணாம். நான் மச்சானோட அண்ணன்கிட்ட பேசிக்கிறேன். இது இப்படியே நிக்கட்டும்" என்றேன்.

அக்கா அந்த ரேகை மேல் தன் விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. வெளியே யாரோ கைவண்டி தள்ளிப் போனார்கள், மரக்கால் ஒன்று உருண்டது, எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. பிறகு சுக்குத் தோல் சீவும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நிக்கறதுக்கா வாங்குனாரு?" என்றாள். "தள்ளு. அவரு விரலு எனக்குத் தெரியும்."

அவளே சுரண்டினாள். தூளை ஊதித் தள்ளினாள். அடியில் இரும்பு பளிச்சென்று வந்தது. ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும் மச்சான், அங்கே பொட்டுத் துரு இல்லை. நீங்கள் பயந்த உப்புக் காற்று அந்த இரும்பைத் தொட்டதே இல்லை.

வயரைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டேன். பட்டப்பகலில் எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம் விழுந்தது. அக்கா உள்ளங்கையை விளக்கின் முன்னால் பிடித்தாள். விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. "சூடா இருக்குடா" என்றாள். அப்போதுதான் அழுதாள். ஒரு வருஷமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை.

ஆலுவாக்காரரை வர வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. உங்கள் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். விதவையை மோட்டார் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக ஓட்டுவதா என்று கேட்கிறார். தம்பி பின்னால்தானே உட்காருகிறேன் என்று அக்காவே பதில் சொல்லிவிட்டாள். ரேஷன் அரிசியில் கட்டுச்சோறு ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுததும் கிளம்புகிறோம்.

நாகூர்க் கடற்காற்று நம் காற்றைவிட உப்பு என்கிறார்கள். சுரண்டிய இடங்களை மூடாமல்தான் கொண்டுபோகிறேன். துருப்பிடிக்கும் மச்சான், கட்டாயம் பிடிக்கும். பிடித்தால் தேய்த்து எடுப்பேன், திரும்பப் பிடித்தால் திரும்பத் தேய்ப்பேன். உங்கள் ஜுலைகாவை மட்டும் பாதி வழியில் திருப்பிக் கொண்டுவர மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்படும்
உங்கள் மச்சினன்,
காதர்