வரிக்காக மட்டும் ஒரு நன்கொடை

நவம்பர் 19
இந்த வருடத்து மாட்டிறைச்சி வந்துவிட்டது. எந்த ஊருக்கு நன்கொடை கொடுத்தாலும் இரண்டாயிரம் யென் போக மீதி வரியில் கழியும். மேற்கொண்டு அந்த ஊரும் ஏதாவது தின்னக் கொடுக்கும். அரசாங்கம் செய்த ஒரே உருப்படியான காரியம். ஒன்பது வருடமாக நாடு முழுக்கத் தின்று தீர்த்திருக்கிறேன். பிறந்த ஊரான ஹமாசேவுக்கு மட்டும் ஒரு யென் கிடையாது. அங்கே நகராட்சியில் உட்கார்ந்து நன்கொடைக்கு ரசீது போடுபவள் என் தங்கை சிஹாயா. அப்பாவின் படகை என்னைக் கேட்காமல் விற்றவள்.

டிசம்பர் 3
ஹமாசேயில் நிலநடுக்கம். தொலைக்காட்சியில் மீன்சந்தை இருந்த இடம் தெரிந்தது, சந்தை தெரியவில்லை. என்னிடம் இருப்பது அவளுடைய பழைய எண். இருக்கிறாளா?

டிசம்பர் 5
நகராட்சி ஊழியர்கள் எல்லோரும் பத்திரம் என்று அறிவிப்பு. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இதை எவளிடமும் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 8
ஹமாசேவுக்கு அறுபதாயிரம் யென். ‘கைம்மாறாக எதுவும் வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். ‘ஊருக்கு உங்கள் செய்தி’ என்று கீழே ஒரு பெட்டி. அரை மணி நேரம் யோசித்து, ‘வரிக்காக மட்டும்’ என்று எழுதினேன். வாய்க் கொழுப்பு. வேறென்ன?

டிசம்பர் 22
வரிக்கழிவுப் படிவத்தை அடையாள அட்டை நகலோடு ஹமாசே நகராட்சிக்கு அஞ்சலில் போட்டாயிற்று. ஜனவரி பத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஜனவரி 8
தொலைபேசி. “ஹமாசே நகராட்சி வரிப் பிரிவுலேர்ந்து பேசறோம். நன்கொடையாளர் மிட்சுயோ அவங்களா?”

அவளேதான்.

“நீங்க அனுப்புனது அடையாள அட்டை இல்லீங்க. யாரோ ஒருத்தர் பல்லு பிடுங்கற தேதி.”

வேலை செய்கிற பல் மருத்துவமனையிலேயே நகலெடுத்தால் இப்படித்தான்.

“நாளன்னிக்கு சாயங்காலம் அஞ்சேகாலுக்குள்ள சரியான நகல் வரணும்.”

“சிஹாயா, வீடு என்னாச்சு?”

“அது இந்தப் படிவத்துக்குத் தேவையில்லீங்க.” அதே மூச்சில், “உங்க செய்தியப் படிச்சோம். நகராட்சி சார்புல நன்றி” என்றாள்.

சனியன்.

ஜனவரி 10
அஞ்சலை நம்ப முடியாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு காரை எடுத்தேன். பாதி வழிக்கு மேல் சாலையே இல்லை. மலைப்பாதையில் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது ஐந்து இருபது. அவள் மேசைக்குக் கீழே சுருட்டிய போர்வை, பல் துலக்கி. ஒரு மாதமாக அங்கேதான் படுக்கிறாள். கடிகாரத்தைக் காட்டினாள்.

“நேரம் முடிஞ்சிடுச்சுங்க.”

“அஞ்சு நிமிஷந்தாண்டி.”

“எல்லாருக்கும் ஒரே சட்டந்தாங்க. அடுத்த மாசம் நீங்களே கணக்கு தாக்கல் பண்ணிக்கலாம்.”

கொண்டுபோன நகலை அவள் முன்னாலேயே கிழித்தேன். “வரி நாசமாப் போகட்டும். ஒன்னப் பாக்கத்தாண்டி வந்தேன்.”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவள் முத்திரையை மூடி வைத்தாள்.

“இத அந்தப் பெட்டியிலயே எழுதறதுக்கு என்னக்கா?”

பிப்ரவரி 16
வரி தாக்கல் இன்று ஆரம்பம். மருத்துவமனையில் மார்ச் கடைசிவரை விடுப்பு கேட்டு வாங்கிவிட்டேன். அவளுக்கு ஒதுக்கிய தற்காலிகக் குடியிருப்பில் இரண்டு பேர் கால் நீட்டினால் சுவர் இடிக்கிறது. படகைப் பற்றி இன்னும் பேசவில்லை. நான் படிவம் நிரப்ப, சிஹாயா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “தப்பு. அடுத்த கட்டம். அதுவும் தப்பு” என்று உயிரை வாங்குகிறாள். தொடர்பு முகவரி என்ற இடத்தில், ‘ஹமாசே, மூன்றாம் வரிசை, பதினான்காம் எண்’ என்று எழுதினேன்.

அதை மட்டும் அவள் திருத்தவில்லை.