கடவுள் பெயரால், அல்லது மனமார

ஜூன் 17, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. மட்டாஞ்சேரி பஜார் முழுக்கச் சேறு. கண் சொட்டு மருந்து தீர்ந்தது, வாங்க வேண்டும்.

பேத்தி எழிலுக்குப் பெங்களூரில் ராணுவப் பயிற்சி முடியப்போகிறது. ஜூலை 5 உறுதிமொழி அணிவகுப்பு. அவரவர் மதகுரு புனித நூலோடு நிற்பாராம். அதைத் தொட்டுக் கடவுள் பெயரால் சத்தியம் செய்வார்களாம். மருமகள் ராதா சொன்னாள், கல்யாணத் தேதி சொல்வது போல.

சட்டத்தில் இரண்டு வழி. கடவுள் பெயரால், அல்லது மனமார உறுதி. இரண்டாவது இருப்பதை எவனும் வாய்திறந்து சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. மிளகுக் கிடங்குத் திருட்டு வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, ஈஸ்வரன் சாட்சியாக என்று சொல்லச் சொன்னான் குமாஸ்தா. மாட்டேன் என்றேன். மதியம் வரை நிற்கவைத்தார்கள். "பாண்டிக்குத் தெய்வமும் வேண்டாமோ?" என்று பின்னால் ஒரு சிரிப்பு. தமிழனுக்கு இங்கே அதுதான் பெயர். அதன் பிறகுதான் சட்டப் புத்தகம் வாங்கி நானே படித்தேன். மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

பயிற்சி மையத்துக்கு மனு அனுப்பியாயிற்று. என் பேத்திக்கு மத நம்பிக்கை கிடையாது, எந்த நூலையும் தொடாமல் உறுதி கூறத் தனி இடம் வேண்டும்.

ராதா: "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாமே மாமா."
உரிமைக்கு அனுமதி வேறா.

ஜூன் 29, ஞாயிறு
வெயில். கப்பைக் கிழங்கும் மத்தி மீனும். வயிறு சரியில்லை.

எழில் போன் செய்தாள். குரல் மாறியிருக்கிறது. கட்டையாக, நிதானமாக.

"தாத்தா, எனக்காக மனு போட்டீங்களா?"
"உன் உரிமைக்காக."
"என்னைக் கேட்டீங்களா?"
"கேட்க என்ன இருக்கு? நம்ம வீட்டுல யாரு சாமி கும்பிடறா?"
"நான்."

பத்தாம் வகுப்பிலிருந்தாம். பள்ளி விட்டதும் அம்பலத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, தெருமுனைக் குழாயில் நெற்றியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வருவாளாம். ராதாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அதிகாரி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். எதுவானாலும் பயப்படாமல் சொல் என்றாராம். இவள் சொன்னது: "நான் கீதையைத் தொட்டுத்தான் சத்தியம் பண்ணுவேன் சார். ஆனா தாத்தா கேட்ட தனி இடம் இருக்கட்டும். எங்க பாரக்ஸ்ல ஒருத்திக்கு அது வேணும். கேட்கப் பயப்படறா."

"அப்படின்னா நான் வரலை" என்றேன்.
"வராட்டி வருத்தந்தான் தாத்தா. ஆனா மாத்திக்க மாட்டேன்."

யாருடைய பிடிவாதம் இது.

ஜூலை 3, வியாழன்
மழை. முழங்கால் வலி. மகன் வளைகுடாவில் இருப்பதால் ராதாவுக்குத் துணை இல்லை. எனக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டாள். போகிறேன். தனி இடம் ஒழுங்காக விட்டிருக்கிறார்களா என்று பார்க்க. வேறு காரணம் கிடையாது.

ஜூலை 5, சனி. பெங்களூர்
குளிர். ரயிலில் தூக்கமில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மைதானம். பேண்டு. ஒரே அச்சில் வார்த்தது போலப் பெண்கள், வரிசை வரிசையாக. பண்டிட், மௌல்வி, பாதிரியார், சீக்கியரின் கிரந்தி, ஒவ்வொருவர் முன்னும் ஒரு நூல். அவர்களுக்கு அப்பால் தேசியக் கொடி, பக்கத்தில் மேஜையோ நூலோ இல்லாமல் வெறும் புல்தரை. என் இடம். அங்கே ஒரே ஒரு பெண். உயரம், கறுப்பு. தலை குனியவில்லை.

எழில் கீதையின் மேல் கை வைத்து நின்றாள்.

பிறகு எல்லோரும் ஒரே குரலில். இந்தி எனக்குத் தெரியாது, வாசகம் தெரியும். நிலம், நீர், வானம், எங்கே அனுப்பினாலும் போவேன். என் உயிருக்கே ஆபத்து வந்தாலும். இதை எத்தனையோ தடவை படித்து அடிக்கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்டதெல்லாம் கடவுள் என்ற சொல்லுக்குக் கீழே. உயிர் என்ற சொல் அதே வாக்கியத்தில்தான் இருந்தது. இன்றுதான் காதில் விழுந்தது.

அவள் எதைத் தொட்டுச் சொன்னால் என்ன? கொடுத்தது எதை?

இருபது வயது.

எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. "உட்காருங்க மாமா, பின்னால மறைக்குது" என்றாள் ராதா. உட்காரவில்லை.

முடிந்ததும் எழில் அந்த உயரமான பெண்ணைக் கூட்டி வந்தாள். இந்தியில் ஏதோ சொன்னாள் அவள். என்னவென்று எழிலைக் கேட்டேன். "மனு போட்டது இவரான்னு கேக்கறா தாத்தா." அந்தப் பெண் விறைத்து நின்று சல்யூட் வைத்தாள். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டேன். கும்பிட்டு எத்தனை வருஷம்.

ஜூலை 9, புதன். மட்டாஞ்சேரி
தூறல். சொட்டு மருந்து வாங்கியாயிற்று.

எழில் விடுப்பில் வீட்டில். நாளை ரயில், வடக்கே எங்கோ. இடம் சொல்லக் கூடாதாம்.

மாலையில் அம்பலத்துக்குக் கிளம்பினாள். என்னிடம் சொல்லிவிட்டே கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டினேன். "நீங்க எதுக்கு தாத்தா?" என்றாள். குடை பிடிக்க என்றேன். வாசலோடு நின்றுகொண்டேன். அவள் ஷூ நனையாமல் இருக்கக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். கனம்.

சாயாக்கடை ஹம்ஸா அந்த வழியாக வந்தான். "எந்தா அண்ணாச்சி, கடைசியில அம்பலத்துக்கு வந்தாச்சோ?"
"வாசலுக்கு வந்தேன்."
"உள்ளே ஆரு?"
"ராணுவம்."

என் கொள்கையில் மாற்றமில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் வெளியே வர நேரமாயிற்று. அவசரப்படுத்தவில்லை.