தலையணை எழுதிய விமர்சனம்

ஜூன் 2, ஞாயிறு

இன்று நான்கு நிமிடம் பத்து வினாடி. போனே காட்டுகிறது. போன வாரம் ஐந்தரை.

ஞாயிறு மாலை ஐந்து மணி நானும் வாலுவும் பேசும் நேரம். வாலு என் மகள், பதினைந்து வயது. அவள் அம்மாவோடு ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊரில் இருக்கிறாள். பிரிந்தது நானும் அவள் அம்மாவும்தான். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் பேச்சு வற்றிப்போனது எனக்கும் வாலுவுக்கும். என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன: சாப்பிட்டியா, படிக்கிறியா, அங்க மழையா. அவளிடம் மூன்று பதில்கள்: ம், ம், இல்ல.

இன்று வைப்பதற்கு முன்னால், பெரிய பரீட்சை வருகிறது, இனிமேல் மாதத்துக்கு ஒரு தடவை பேசினால் போதுமா என்று கேட்டாள். போதாது என்று சொல்ல வாய் வரவில்லை. நான் பேசாமல் நிற்பது அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பேச்சை மாற்ற, "‘மூடிய மாடி’ பாக்கறீங்களாப்பா?" என்றாள்.

"பாக்கறேனே."

அது படமா, பாட்டா, விளையாட்டா, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. அப்ப அடுத்த வாரம் அதைப் பத்திப் பேசலாம் என்றாள். அடுத்த வாரம்! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கம்பெனி கொடுத்த இந்த டைரியை, முன்பக்கத்தில் லிஃப்ட் பாதுகாப்பு விதிகள் அச்சிட்டது, ஆறு மாதம் கழித்து இன்று பிரித்திருக்கிறேன்.

ஜூன் 3, திங்கள்

என்னோடு வேலை பார்ப்பவனுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. நிறுத்துகிற பட்டன் கிடையாது. மொட்டை மாடி மோட்டார் அறையில், நான் இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட, அவன் டார்ச் பிடித்துக்கொண்டு கதை சொன்னான். ‘மூடிய மாடி’ ஒரு தொடர். வியாழனுக்கு வியாழன் ஒரு பகுதி, மொத்தம் பத்து, மூன்று வந்துவிட்டன. ஓர் ஆஸ்பத்திரி, அதில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஐந்தாம் மாடி, அங்கே என்ன இருக்கிறது என்று தேடும் ஒரு நர்ஸ். பயமுறுத்துகிற கதை.

எனக்கு உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை என்றேன். அப்படியானால் படி என்று ஒரு இணையதளம் சொன்னான். இப்போது ஓடுகிற தொடர்களைப் பற்றி ஆளாளுக்கு அபிப்பிராயம் எழுதுகிறார்கள், எதைப் பார்க்கலாம், எதை விட்டுத் தொலைக்கலாம் என்று. "பாக்காமலே பேசலாம். நான் பாதி அப்படித்தான் பேசறேன்." ஒன்பது வருடமாக இவன் பேச்சை நம்பி இருக்கிறேன், படுபாவி.

சாப்பாட்டு வேளையில் படித்தேன். பாதிப் பேர் சண்டைதான் போடுகிறார்கள். ‘தலையணை’ என்ற புனைபெயரில் ஒருவர் மட்டும் நிதானமாக எழுதுகிறார். நட்சத்திரம் கிடையாது, எத்தனை தலையணை என்றுதான் மதிப்பெண். "இந்தப் பகுதிக்கு நாலு தலையணை. கதவு திறக்கும்போது பயமில்லை. திறக்காமலே இருக்கும்போதுதான் பயம்." கல்லூரிப் பேராசிரியராக இருக்கும். வயதானவர், கண்ணாடி போட்டவர்.

ஜூன் 9, ஞாயிறு

பத்தொன்பது நிமிடம்.

நர்ஸ் நல்ல நடிப்பு, டாக்டர் மேல் எனக்குச் சந்தேகம், பின்னணி இசை கொஞ்சம் அதிகம். மூன்று பேரிடமிருந்து எடுத்த மூன்று வாக்கியங்கள். டாக்டர் மேல் சந்தேகம் என்றதும் "எனக்கும்தான்பா!" என்று கத்தினாள். மூன்று வருடத்துக்கு முந்தைய கத்தல். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 12, புதன்

உண்மையாகவே பார்க்கலாம் என்று முதல் பகுதியைப் போட்டேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். கொட்டாவிக்கு எத்தனை தலையணை?

ஜூன் 16, ஞாயிறு

இருபத்தாறு. வேறு எதாவது நல்லதா சொல்லுங்கப்பா என்று அவளே கேட்டாள். என்னிடம் சிபாரிசு கேட்கிறாள்! தளத்தில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற ‘பதினேழாம் நம்பர் பஸ்’ ஞாபகம் வந்தது. ஒரு பெண் பஸ் ஓட்டுநரின் கதையாம். பார், கண் கலங்கும் என்று அடித்துவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு தடவை என்ற பேச்சை இன்று எடுக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

தலையணையும் ‘பதினேழாம் நம்பர் பஸ்’ பார்க்கிறாராம். "இரண்டு பகுதி முடிந்தது, இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் விடமாட்டேன். எனக்கு இதைச் சொன்னவர் லேசில் எதையும் நல்லா இருக்கு என்று சொல்கிற ஆள் இல்லை."

யாரோ கொடுத்து வைத்தவர். இப்படி நம்ப நமக்கு ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும்?

ஜூன் 24, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

ஆறாம் பகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. இதுவரை தலையணை எழுதியதில் நான் கை வைத்ததில்லை, அது என் வாய்க்குப் பொருந்தாது. நேற்று வைத்தேன். நர்ஸ் ஐந்தாம் மாடிக் கதவு முன்னால் செருப்பைக் கழற்றுகிறாள் அல்லவா, சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக இல்லை, அங்கே இறந்தவர்களுக்கு மரியாதை என்றேன்.

"இது நீங்களா யோசிச்சதா?"

"பின்ன?"

"அப்பா, அது நான் எழுதினது." பிறகு மெதுவாக, "தலையணை நான்தான். பஸ்ஸும் நீங்க பாக்கல, இல்ல?"

பார்க்கவில்லை என்றேன். சரி என்றாள். வைத்துவிட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினா கத்தக்கூட முடியாதும்பாங்க. அப்படி நின்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள். என்னோடது இருபத்தோரு நாள், பெரிய சாமர்த்தியம்தான். த்தூ.

தலையணை! எனக்கு ஏன் தோணல? அஞ்சு வயசுல அந்தச் சின்ன நீலத் தலையணையை மூஞ்சியில வெச்சுக்கிட்டுத்தானே என் மடியில உக்காந்து டிவி பாப்பா. பயமான இடம் வந்தா முழுசா மூடிக்குவா. உள்ளேர்ந்து குரல் மட்டும் வரும்: "போயிடுச்சா?" நான் போயிடுச்சு, பாருன்னு சொன்னாத்தான் தலையணை இறங்கும். அவ அம்மா அது போறதுக்கு முன்னாடியே, விளையாட்டுக்குப் போயிடுச்சுன்னு சொல்லிப் பயமுறுத்துவா. நான் ஒரு தடவைகூட ஏமாத்தினதில்ல. அதனாலதான் என்னைக் கேப்பா.

அந்தப் பேரை வெச்சுக்கிட்டு எழுதியிருக்கா. நான் பேராசிரியர்னு நெனச்சேன். கண்ணாடி வேற மாட்டிவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

எடுக்கவில்லை. ஐந்து மணி, ஐந்தே கால், ஐந்தரை.

ஜூலை 1, திங்கள்

வாலுவின் அம்மா கூப்பிட்டாள். ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்த பஸ் நாடகத்தை என்னையும் உக்கார வெச்சுப் பாக்க வெச்சா. அப்பா சொன்னாரு, அப்பா சொன்னாருன்னு. தாங்க முடியல," என்றாள். சிரித்தாளா, வருத்தப்பட்டாளா, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வாலுவை இழந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவது?

ஜூலை 2, செவ்வாய்

காலை ஐந்தரைக்கே எழுந்து ‘மூடிய மாடி’ பார்க்கிறேன், முதலிலிருந்து. உட்கார்ந்தால்தானே தூக்கம்? சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, டீ டம்ளரோடு நின்றுகொண்டே. ஒரு பகுதி முழுதாக முடிந்தது. இரண்டு தலையணை. எனக்கே பயமாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

வானொலி ஐந்தாம் பகுதியின் முடிவைச் சொல்ல வந்தான். வாயைப் பொத்தினேன், கிரீஸ் கையோடு.

ஜூலை 5, வெள்ளி

ஐந்தாம் பகுதியில் லிஃப்ட் வருகிறது. நர்ஸும் ஒரு வயதான நோயாளியும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். இருட்டு. ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும் என்று அழுகிறார்கள். தளத்தில் எல்லோரும் கொண்டாடிய காட்சி. வாலுவும் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வேலைக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஜூலை 6, சனி

தளத்தில் எழுதிவிட்டேன். பெயர்: லிஃப்ட்காரன். மூன்று மணி நேரம் ஆனது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"நான் இருபத்திரண்டு வருட லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாம் பகுதி தப்பு. லிஃப்டில் காற்று தீராது, இடுக்கு நிறைய உண்டு. அதை விடுங்கள். அந்த மெக்கானிக் வந்ததும் பேசாமல் ஸ்பேனரை எடுக்கிறான். நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். உள்ளே இருப்பவர்கள் முதலில் ‘கதவைத் திற’ என்று கேட்பதில்லை. ‘யாராவது இருக்கீங்களா’ என்றுதான் கேட்பார்கள். அதனால் வந்தவுடன் கதவில் வாய் வைத்து ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் பையையே திறப்போம். திறக்க ஒரு மணி நேரம் ஆனாலும் குரல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தலையணை ஐந்து கொடுத்திருக்கிறார், நான் மூன்றுதான் கொடுப்பேன்.

‘பதினேழாம் நம்பர் பஸ்’ஸைப் பார்க்காமலே ஒருவருக்குச் சிபாரிசு செய்தேன். இப்போது பார்த்தேன். முதல் மூன்று பகுதி அறுவை. நாலாவதில் அவள் காலி பஸ்ஸில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கும் இடம் மட்டும் நல்லா இருக்கு. பார்க்காமல் சொன்னது பெரிய தப்பு. அந்த ஒருவர் என்னை மன்னிக்க வேண்டும்."

ஜூலை 7, ஞாயிறு

எடுக்கவில்லை. தளத்தில் ஒருவர், கதையில் லாஜிக் பார்க்கிற மெக்கானிக் அண்ணே, ஓரமாப் போங்க என்று எழுதியிருக்கிறார். போகட்டும்.

ஐந்து மணிக்கு அவளுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினேன். "இருக்கேன்."

ஜூலை 10, புதன்

தலையணை பதில் எழுதியிருக்கிறார். எழுதியிருக்கிறாள்.

"லிஃப்ட்காரன் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காட்சிக்கு ஐந்துதான். மெக்கானிக் பேசாமல் இருப்பதால்தானே அவ்வளவு பயம்?"

இதை ஆறு தடவை படித்தேன். அவள் சொல்வதும் சரிதான். ஆனாலும் நான் மூன்றுக்கு மேல் ஏறமாட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

முதல் மணியிலேயே எடுத்தாள். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "நர்ஸோட சாவிக்கொத்துல எத்தனை சாவி?"

"ஏழு. ஒண்ணு துரு பிடிச்சது."

"டாக்டரோட கார் என்ன கலர்?"

"எட்டாவது பகுதி வரைக்கும் காரே காட்டலையே. நான் ஒன்பதாவது இன்னும் பாக்கல."

ம் என்றாள். அது பழைய ‘ம்’ இல்லை. பிறகு சொன்னாள், நான் பார்க்காததற்கு அவளுக்குக் கோபம் இல்லையாம். எனக்குப் பார்க்கப் பிடிக்காது என்று அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். "பாக்கல, நீயே கதையைச் சொல்லுன்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனேப்பா. எனக்குச் சொல்ல ஆளே இல்லாமதான் அங்க போய் எழுதினேன்."

மன்னிச்சுடும்மா என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஜூலை 18, வியாழன்

கடைசிப் பகுதி வந்துவிட்டது. பார்க்கவில்லை. வானொலியோடு இரண்டு நாள் பேசப்போவதில்லை என்று அறிவித்துவிட்டேன். அவனால் தாங்க முடியவில்லை பாவம்.

ஜூலை 21, ஞாயிறு

அவளும் பார்க்காமல் வைத்திருந்தாள். சேர்ந்து போடலாமா என்றாள். போன் காதில், தொடர் டிவியில். ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லி இருவரும் ஒரே நேரத்தில் அமுக்கினோம். என் வீட்டில் இரண்டு வினாடி முன்னால் ஓடியது. நிறுத்திச் சரிசெய்யப் போனேன். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பாதியில் நர்ஸ் துருப்பிடித்த சாவியைக் கதவில் நுழைத்தாள். கதவு திறந்தது. உள்ளே இருட்டில் ஏதோ நகர்ந்தது. போனில் துணி உரசும் சத்தம். பிறகு எதற்குள்ளிருந்தோ அமுங்கின குரல்.

"போயிடுச்சாப்பா?"

போகவில்லை. கதவோரமே நின்றுகொண்டிருந்தது. எனக்கே முதுகு சில்லிட்டது.

"இன்னும் இல்ல. இரு."

அவள் இருந்தாள். இரண்டு ஊரிலும் அந்த இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்றது மெல்ல மாடிப்படியில் இறங்கி, மறைந்து, நர்ஸ் மூச்சு விடும் வரைக்கும் பார்த்தேன். மனதுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணினேன்.

"போயிடுச்சு. இப்ப பாரு."

தலையணை இறங்கும் சத்தம் கேட்டது.