பேச்சியம்மாவின் விகிதம்

10 யூன் 2025

ஆஸ்பத்திரி லெப்பில் இன்று நாற்பத்தொரு ரத்த மாதிரிகள். பாதிக்கு மேல் டெங்கு சந்தேகம். அதில் ஒருவர் பேச்சியம்மா, வயது 54, யட்டவத்தப் பக்கம் மிளகுத் தோட்டத்தில் வேலை. டெங்கு இல்லை. வெள்ளணு மொத்தம் 10,400, சாதாரணம்தான். வெள்ளணுக்களை வகை பிரித்துப் பார்த்தால் நியூட்ரோபில் 92 வீதம், லிம்போசைட் 4 வீதம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தேன்: விகிதம் இருபத்துமூன்று. சுகமாக இருப்பவர்களுக்கு மூன்றைத் தாண்டுவதே குறைவு. உடம்பு முழுக்கக் கிருமி பரவினால் இது ஏறும் என்று வாசித்திருக்கிறேன். பிளேட்லெட்டும் குறைவு, 1,18,000. மெஷின் பிழையா? திரும்பப் போட்டேன். அதேதான்.

வார்டுக்கு போன் எடுத்தேன். டொக்டர் றிஸ்வான் பேசினார்.

"கால்ல முள்ளுக் காயம், லேசான காய்ச்சல். மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன்."

"விகிதம் இருபத்துமூணு வருது, சரியா தப்பா தெரியல டொக்டர். ஒருக்கா திரும்பப் பாருங்க."

எனக்கேன் இந்த வேலை? ஆளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

11 யூன்

வீட்டுக்கு அனுப்பவில்லை. டொக்டர் பேச்சியம்மாவின் மூச்சை எண்ணிப் பார்த்தாராம், நிமிடத்துக்கு 28, அதிகம்தான். பின்னேரம் பிரஷரும் விழுந்துவிட்டது. சேலைன், ஊசி மருந்து. இன்று விகிதம் 31, பிளேட்லெட் 74,000.

இன்னும் எவ்வளவு ஏறும்?

12 யூன்

29.

13 யூன்

தம்புள்ளை மரக்கறி வியாபாரி பஸ்லிக்கு 19. உடனே போன் எடுத்தேன். டொக்டர் சிரித்தார். "அவருக்கு ஆஸ்மா. நேத்துல இருந்து ஸ்டீரொய்ட் குடுக்கிறோம். அதுக்கும் ஏறும்."

வெட்கமாகப் போய்விட்டது. அப்படியென்றால் பேச்சியம்மா விஷயமும் குருட்டு அதிர்ஷ்டமோ? ஆனால் பஸ்லியின் பிளேட்லெட் 2,60,000 — அசையவேயில்லை. விகிதத்தையும் பிளேட்லெட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் போல.

14 யூன்

பேச்சியம்மா 12. காய்ச்சல் இன்னும் விடவில்லையாம். காய்ச்சலுக்கு முந்தியே இது இறங்குமா?

16 யூன்

காய்ச்சல் விட்டது. டொக்டரே லெப்புக்கு வந்தார். "அனுமதி எடுத்து இந்த விகிதத்த ஒரு முப்பது பேருக்குப் பார்ப்போமா? ஸ்டீரொய்ட் எடுக்கிறவங்களைத் தனியா வைப்போம்." சரி என்றேன். மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனேன்.

19 யூன்

லெப் ஜன்னலில் ஒரு அம்மா, காலில் கட்டு.

"என் ரத்தத்த பாத்து சொன்னது நீங்கதானாங்க மிஸ்? இப்ப எவ்வளவு இருக்குங்க?"

"நாலும்மா. முப்பத்தொண்ணு வரைக்கும் போச்சி."

முகம் வாடிவிட்டது. "இவ்வளவு கொறஞ்சிருச்சா? கீர சாப்பிட்டா கூடுங்களா?"

"கூடவே வேணாம்மா" என்றேன். விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் பிடித்தது. அவர் சிரித்தார். பிறகு, திங்கட்கிழமை மிளகு ஆய ஏணி ஏறலாமா என்று கேட்டார். அதற்கு என்னிடம் எண் இல்லை. டொக்டரிடம் கேட்க இருவருமாக வார்டுக்கு நடந்தோம்.