சிவப்புக் கயிறும் என் பையிலிருந்த தாளும்

மதினி,

இன்று பாடசாலைக்கு ஒரு பிள்ளையின் தாய் வந்திருந்தாள். உங்களுக்குச் செய்த அதே மார்பு ஒப்பரேஷன் அவளுக்கும். இடது கை முழுதும் வீங்கி, முழங்கைக்கு மேல் கட்டிய சிவப்புக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அறுத்துவிட்டேன்.

"ஐயோ டீச்சர், வீக்கம் மேல ஏறாம இருக்கத்தானே கோயில்ல கட்டுனது!" என்று பதறினாள்.

நீங்களும் இதையேதான் சொன்னீர்கள்.

கட்டியோடு அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தவர்கள், பின்னால் கை வீங்கலாம் என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீங்கியபோது தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் தொட்டும் பார்க்காமல், யானைக்கால் கைக்கு வந்துவிட்டது என்று மாத்திரை வில்லை கொடுத்தார். அந்த மனிதர் மேலுள்ள கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. தணிய வேண்டுமென்று நான் விரும்பவும் இல்லை.

நாம் இருவரும் போன நகரத்து ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி மிஸ் முதல் வேலையாக உங்கள் கயிற்றை அறுத்தார். பிறகு சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நம்ம மலையில தண்ணி ஓடுற கான் மாதிரிதான், டீச்சரம்மா. பெரிய கான் அடைஞ்சு போச்சு. தண்ணிய மெதுவா பக்கத்துக் கானுக்குத் திருப்பி விடணும்."

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த நான் நம்பவில்லை. தடவிக் கொடுத்தால் வீக்கம் வற்றுமா? தோட்ட லயத்து வீட்டில் உங்கள் கையைப் பிடித்து அழுத்தித் தேய்த்தேன்.

"என்னா, ரொட்டிக்கு மாவு பெசையிறீங்களா?" என்று சிரித்துவிட்டு என் விரல்களைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தீர்கள். "பால் வெட்டுறப்ப பட்டைய மட்டுந்தான் சீவணும். கத்தி கட்டையில பட்டா மரத்துக்குக் காயம். இங்கயும் தோலு மட்டும் நகந்தா போதும்."

இருபது வருடம் றப்பர் மரத்தில் பால் வெட்டிய கை அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டது. தினமும் தடவி, விரலிலிருந்து மேல்நோக்கித் துணிப்பட்டி சுற்றி, கையை மடக்கி நீட்டி, இரண்டு மாதத்தில் பழைய சட்டைக்குள் கையை நுழைத்துவிட்டீர்கள். நான் நம்பாதது என் கண்முன் நடந்தது.

இது முற்றாகப் போகாது, விடாமல் செய்ய வேண்டும், கீறல் படக்கூடாது, கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றெல்லாம் மிஸ் அதன் பிறகு சொல்லி, ஒரு தாளில் சிங்களத்தில் எழுதியும் கொடுத்தார். உங்களுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. "அகராதி பார்த்துத் தமிழில் எழுதித் தருகிறேன்" என்று அந்தத் தாளை நான் வாங்கிக்கொண்டேன். பரீட்சைத் தாள் திருத்த நான் வெளியூரில் தங்கியிருந்த காலம். மூன்று வாரம் அது என் பையிலேயே கிடந்தது.

மலையில் வேலை செய்யும்போது உங்கள் கையை முள் கீறியது. விடிந்தபோது கை சிவந்து கொதித்தது. மிஸ் சொன்னதை நீங்கள் மறக்கவில்லை. நீங்கள் கேட்டதையும் அந்த மனிதர் சொன்னதையும் உங்களோடு டிஸ்பென்சரிக்கு வந்த அண்ணன்தான் பிறகு சொன்னார்.

"செவந்தா அன்னைக்கே வரச் சொன்னாங்கய்யா. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்க."

"யாரு சொன்னது? கடுதாசி இருக்கா?"

"நாத்தனாகிட்ட இருக்குங்க."

"அப்ப மருந்தையும் நாத்தனாகிட்டயே வாங்கிக்க."

காய்ச்சல் வில்லையோடு திருப்பி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத் தோட்ட லொறியில் ஏற்றியபோது கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. நீங்கள் திரும்பி வரவில்லை.

கடுதாசியைக் காட்டியிருந்தாலும் அந்த ஆள் வேறு சாட்டுச் சொல்லியிருப்பான் என்கிறார் அண்ணன். இருக்கலாம். ஒரு பால்வெட்டுக்காரியின் வாய்ச்சொல்லை நம்பாதவன் எதையும் நம்பமாட்டான். ஆனால் உங்கள் கையால் வற்றியதைப் பார்க்கும்வரை நானும்தானே நம்பவில்லை? தாளும் என்னிடம்தான் இருந்தது.

இன்று அந்தத் தாயை நிற்க வைத்துவிட்டு, பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே தமிழில் எழுதினேன். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதினேன். முதல் வரியில், சிவந்தால் அன்றைக்கே. அவள் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"நீங்களே வச்சிருங்க டீச்சர். எங்கிட்ட இருந்தா தொலைஞ்சிரும்."

"உங்ககிட்டத்தான் இருக்கணும்!"

வகுப்பே அடங்கிப் போகுமளவுக்குக் கத்திவிட்டேன், மதினி.